சாம்பல் நிறக் காரின் ஐந்தாம் பரிசோதனை

எண் 5. சோதனை ஓட்டம்
12 பிப்ரவரி 1993, வெள்ளிக்கிழமை, மு.ப. 10.20

காலையில் மூடுபனி. ஏழேகால் மணிக்குள் விலகியது.

வண்டி: சாம்பல் நிறம், 1977 மாடல். இருப்பிடம்: கரையான்சாவடி, என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. விற்பவர்: ஆரோக்கியமேரி அம்மாள் (இனி ஆ.அ.). கணவர் சென்ற ஆண்டு காலமானார். ஓட்ட ஆளில்லை, விற்கிறார்.

இதுவரை நான்கு முறை சென்று பார்த்தாகிவிட்டது. முதல் முறை வெளிப்புறம். அடுத்து டயர்கள். மூன்றாவது, விளக்குகளும் ஹாரனும். நான்காவது, அடிப்பகுதி, பெட்ரோல் டேங்க். ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் காபி. அரை மணிக்குக் குறையாத பேச்சு. என் வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்து ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.

இன்று 7.35க்குப் புறப்பாடு. நான் ஓட்டினேன். ஆ.அ. பின் இருக்கையில், மடியில் கைப்பை. நல்ல புடவை கட்டியிருந்தார். 7.52, அயனம்பாக்கம் ஏரிக்கரை. மூன்றாம் கியர், மணிக்கு 40. திடீரென இழுவை போய்விட்டது. ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தேன். 30. 20. இரண்டு குலுக்கல். நின்றது. பெட்ரோல் முள் பாதியில்தான் இருந்தது.

டீக்கடையிலிருந்து இருவர் வந்து தள்ளினர்.

“தள்ளு மாமே. பெருசு ஸ்டியரிங்க புடிச்சுகினு குந்திகீது பாரு, கப்பல் ஓட்ற மாறி.”

பயனில்லை. இருபது நிமிடம் நின்றபின் தானாகக் கிளம்பியது, ஆனால் டீக்கடை கண்ணிலிருந்து மறையும் முன்பே மீண்டும் அதே. அங்கே எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர்கள் காதில் விழும்படியே சொன்னேன்: “இந்தக் கோளாறு உங்களுக்கு முன்னாடியே தெரியும். மறைச்சு என் தலையில கட்டப் பார்க்கறீங்க.”

ஆ.அ. என்னைப் பார்க்கவில்லை. “அவரு போனப்புறம் நான் இந்த வண்டியத் தொட்டதுகூட இல்ல சார். மறைக்கிறதுக்கு எனக்கு இன்னா தெரியும்?” இறங்கி நடந்தார். பேருந்து நிறுத்தம் தூரம். நான் கூப்பிடவில்லை.

நின்று நின்று ஓட்டி வந்து, வண்டியை அவர் வீட்டு வாசலில் விட்டேன். சாவியை ஜன்னல் வழியே வைத்தேன். இன்று காபி இல்லை.

எண் 6. பரிசோதனை இல்லாத நாள்
13 பிப்ரவரி 1993, சனிக்கிழமை, பி.ப. 4.45

வெயில். குழாயில் தண்ணீர் 6.10க்கே நின்றுவிட்டது. பிற்பகல் மூன்று வரை நான் பேசியவை: பால்காரரிடம் “அரை லிட்டர்”, பூனையிடம் “போ”. வேறில்லை.

3.15க்குக் கதவு தட்டப்பட்டது. பூந்தமல்லி ஒர்க்‌ஷாப் மெக்கானிக் கன்னியப்பன். வண்டியைப் பார்க்க ஆ.அ. சொல்லியனுப்பினாராம்; பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார்.

“சார், நீங்கதான நாலு நாளா அந்த வண்டிக்கு அடில பூந்துகினு இருந்தீங்க?”

ஆம் என்றேன்.

“இஞ்சினுக்கு ஒண்ணுமே இல்ல சார். டேங்க் மூடில சின்னதா ஒரு ஓட்ட கீது. கம்பெனிலயே வச்சது. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் எறங்கும். எவனோ மெழுக வச்சு அடச்சு, மேல டேப்பு வேற ஒட்டிகீறான். மூடியத் தொறந்தேன், புஸ்ஸுனு ஒரு சத்தம். எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டேன், இப்ப நல்லா ஓடுது. மூக்கப் புடிச்சுகினு ஓடுன்னா எவன் சார் ஓடுவான்?”

அடைத்தவன் நான்.

9ஆம் தேதி, செவ்வாய். ஆ.அ. காபி போட உள்ளே சென்ற நேரம். துரு அரித்த ஓட்டை, மழைநீர் புகும் என்று எண்ணினேன். வராந்தாவில் மாதா படத்தருகே கிடந்த மெழுகுத் துண்டு; என் பையில் எப்போதும் இருக்கும் டேப். முப்பத்தொரு ஆண்டுகள் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எங்கள் பிரிவில் துளை என்றால் குறை. இதை அவருக்குச் செய்த உதவியாகவே நினைத்தேன். அன்றைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். காபி பற்றி நான்கு வரிகள். அடைத்தது பற்றி ஒன்றுமில்லை.

கன்னியப்பனிடம் ஒப்புக்கொண்டேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, “அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க, இன்னும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க சார், அதான் மரியாத. சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்குப் பட்டாபிராம்லேர்ந்து ஒர்த்தர் வண்டி பாக்க வர்றாரு.”

எண் 7. கடிதம்
14 பிப்ரவரி 1993, ஞாயிற்றுக்கிழமை, பி.ப. 2.30

மேகமூட்டம். ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. நேரே ஆ.அ. வீட்டுக்குச் சென்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மதில் அருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பட்டாபிராம்காரர், கையில் காபி.

“ஏரியாண்ட நின்னுபோன வண்டிதானே இது? டீக்கடைல சொன்னாங்க. ஒரு பெருசு கத்திச்சாமே, ஏமாத்து வேலைன்னு?”

ஆ.அ. குரல்: “அவரு பெரிய ஃபேக்டரில இன்ஸ்பெக்டரா இருந்தவருங்க. அவரு சொன்னா கோளாறு இருக்கத்தான் இருக்கும். எனக்குத் தெரியல. நீங்களே பாத்துக்குங்க.”

கேட்டில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

அந்த மனிதர் ஐந்து மணிக்கு மறுபடி வந்து முடிவு சொல்வதாகக் கூறிப் போனார். அதற்குள் கடிதம் ஆ.அ. கையில் இருக்க வேண்டும். தபால் உதவாது, நானே கொண்டுபோய்க் கதவிடுக்கில் வைக்க வேண்டும். மூன்று வரைவுகள் கிழித்தாயிற்று. நான்காவது:

“மதிப்பிற்குரிய அம்மாள் அவர்களுக்கு, வண்டியில் கோளாறு இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளையை 9ஆம் தேதி தங்களிடம் கேளாமல் அடைத்தவன் நான். அடைத்துவிட்டுத் தங்கள் மீதே பழி சொன்னேன். அதுவும் நாலு பேர் முன்னிலையில். இன்று வந்தவருக்கு வண்டியைத் தாராளமாகக் கொடுக்கலாம். நான் வாங்குவதாக இருந்ததைக் கருத வேண்டாம்.”

இதன் கீழ் ‘ஆறாவது முறை வரலாமா’ என்று எழுதினேன். பார்க்க இனி வண்டி இராது. அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது. ஐந்தாவது படி எழுத நேரமில்லை.

இணைப்பு:
1. சோதனை ஓட்ட அறிக்கை, திருத்தியது. காரணம் என்ற இடத்தில் என் பெயர்.
2. இஞ்சின் நல்ல நிலையில் உள்ளதென்று நான் கையொப்பமிட்ட சான்று, இரண்டு படிகள். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று டீக்கடையில் காட்ட.
3. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய காலி உறை ஒன்று.