காக்கை வராத காடு

அம்மிணிக்கு,

பனியன் கம்பெனி வேலையை விட்டு நாமே விளைவித்துச் சாப்பிடலாம் என்று பார்க்க வந்த காடு, நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது. கிணற்றில் முப்பதடியில் தண்ணீர். குடித்துப் பார்த்தேன், நம் ஊர்த் தண்ணீரின் சாய வாடையே இல்லை. கம்பும் நிலக்கடலையும் வரும், இரண்டு மாடு கட்டலாம். ஆனால் ஊரில் நாலே குடும்பங்கள். "ஆளில்லாத இடத்தில் என்ன செய்வது?" என்று நீ கேட்டதுதான் எனக்கும் உறுத்தியது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

நேற்று அமாவாசை. நம் பாப்பா நம்மை விட்டுப் போன பிறகு நீ ஒரு மாதமும் படையல் வைக்காமல் விட்டதில்லையே என்று, அவளுக்குப் பிடித்த தக்காளிச் சோறு கிளறி, இலையில் கொஞ்சம் எடுத்துக் கிணற்று மேட்டில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். மதியம் தாண்டியும் எதுவும் வரவில்லை. ஓர் எறும்புகூட ஏறவில்லை.

பக்கத்துக் காட்டு மகுடேஸ்வரன் பார்த்துக்கொண்டே நின்றார். "இங்க காக்கா வராதுங்க. போனவங்க பேரச் சொல்லிக் கூப்புடுங்க. நாங்க நாலு ஊட்டுக்காரரும் அப்படித்தானுங்க. அதனாலதான் இந்த ஊர உட்டுப் போகலீங்க" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

அவர் போனதும் பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவைதான்.

கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் இலை காலியாக இருந்தது. கறிவேப்பிலை மட்டும் ஒன்றுவிடாமல் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது. அதற்காக நீ அவளை எத்தனை முறை திட்டியிருப்பாய்!

இந்த இடம் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கிளம்பி வா. அவள் தட்டையும் எடுத்து வா.

இங்கேயே காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்