தண்ணீர் ஊற்றிப் பார்த்த ஷூ

செப்டம்பர் 22

நாள் முழுக்கத் தூறல். பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கர்டிஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையிலேயே வைத்தான். பூட்ஸ். ஒவ்வொன்றும் ஒரு நாய்க்குட்டி கனம்.

"ஒரு சொட்டு உள்ள போகாது அத்தே. இதப் போட்டுக்கிட்டு ஓடையிலயே படுத்துக்கலாம்."

ஓடையில் படுக்க எனக்கென்ன தலையெழுத்து? போன மான்வேட்டை சீசனில் குதிகால் தோல் உரிந்து, திரும்பும்போது கடைசி மேட்டில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒரே ஒரு தடவை. அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். இப்போது பரிசு வேறு. எனக்கு அருவருப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 25

பூட்ஸைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் புதருக்குள் நடந்து பார்த்தேன். ஓடையில் காலே வைக்கவில்லை. பெரணியும் பெர்ரிச் செடியும் இடுப்பு உயரம், இலைக்கு இலை மழைத் தண்ணீர். அது கால்சட்டையில் வழிந்து பூட்ஸின் வாய் வழியாக உள்ளே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். ஒரு சொட்டு உள்ளே போகாதாம் — போன ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. இரண்டு வாளியைக் காலில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்தேன். வாசலில் கவிழ்த்தால் பழங்காப்பி நிறத்தில் கொட்டியது.

என் காலைப் பார்க்க எனக்கே குமட்டியது. பாலில் ஊறிய ரொட்டி.

நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். பெட்டியில் "தண்ணீர் புகாது" என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். அது பொய் என்று தெரிய, காலை நனைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 26

இன்னும் காயவில்லை. ஈர நாய் நாற்றம். உள்ளே கை விட்டேன். விரல் நீளத்துக்கு மஞ்சள் நத்தை, ஓடில்லாதது. சீ! மூன்று தடவை சோப்புப் போட்டும் வழவழப்பு போகவில்லை.

செப்டம்பர் 29

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கர்டிஸ் தன் சிநேகிதன் கிப்பை போர்ட்லாண்டிலிருந்து அழைத்து வந்திருந்தான். இன்சூரன்ஸ் விற்கிறவன். தாடியில் இறைச்சிக் குழம்பு வழிய வழியச் சாப்பிடுகிறான். நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் கிப்ப கல்லுல உக்கார வைக்கலாம்னு இருக்கேன் அத்தே. நீங்க ரோட்டுல வண்டிக்குள்ள இருங்க. ஹீட்டர் இருக்கு. மான் ரோட்டத் தாண்டுச்சுன்னா அது உங்களுக்கு."

கல் என்றால் என் கல், நான் துப்பாக்கியோடு மானுக்குக் காத்திருக்கிற பாறை. ஓடைக்கு அந்தப் பக்கம், ஆல்டர் மரங்களுக்கு மேலே. கருவால் மான் இறங்குகிற தடம் அதற்கு நேர் கீழே. என் புருஷன் இருந்தபோதும் அது என்னுடையதுதான், அவருடையதல்ல. எங்கள் வேட்டைக்கூட்டத்தில் விதி ஒன்றே ஒன்று: சீசன் முதல் நாள் விடியும்போது யார் தன் காலால் நடந்து ஓரிடத்தில் முதலில் போய் உட்காருகிறார்களோ, அந்த வருஷம் இடம் அவர்களுக்கு.

"நான் நடந்து போவேன் மாப்ளே."

"அந்த பூட்ஸ்லயா?"

"அத உங்க சிநேகிதருக்குக் குடுங்க."

"அம்மா, சும்மா இரும்மா," என்றாள் நோலா. என் மகள்தான். இருந்தும் சொன்னாள்.

அக்டோபர் 1

டவுன் செருப்புக்கடை. மூக்கில் வளையம் போட்ட பெண் ஒருத்தி வலையில் தைத்த ஷூவைக் காட்டினாள். மலையில் ஓடுகிறவர்கள் போடுவதாம். கையில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை.

"இதுல தண்ணி உள்ள போகுமே?"

"போகும் பாட்டி. வெளியவும் வந்துரும்."

ஒரு குவளைத் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்திருப்பாள். ஷூவுக்குள் ஊற்றினேன். "அய்யோ பாட்டி, தரை!" என்று கத்தினாள். முதல் ஷூவில் தடித்த மெத்தை — தண்ணீரைக் குடித்துவிட்டுக் கம்மென்று இருந்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் ஊற்றினது ஊற்றினபடி தரையில். விரல் முனையில் ரப்பர், வைன் மேப்பிள் புதர்க் குச்சி குத்தாது. அடியில் ஆழமான பல், களிமண்ணைக் கவ்வும். கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டுமென்று அரை அளவு பெரிதாகக் கேட்டேன். அந்த அளவில் ரோஸ் நிறம்தான் இருந்ததாம். பன்றிக்குட்டி ரோஸ். த்தூ.

வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 4

நாளை சீசன். இன்று வழக்கம்போல் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் புகாமலிருக்க பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்தோம். மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும். வீடே கசாப்புக்கடை வாடை. கொழுப்புத் தேய்க்காமல் இங்கே யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. நானும் பேசிக்கொண்டே தேய்த்தேன். இரண்டாவது ஷூ முடிகிறபோதுதான் கையைப் பார்த்தேன் —

மூதேவி! என்னைத்தான் சொல்கிறேன். வலையில் ஒரு கண் விடாமல் அடைத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினேன். கிண்ணத்தில் சூப் மாதிரி நின்றது.

கர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தே, இப்பத்தான் அது பூட்ஸ் ஆயிருக்கு!"

வெந்நீரும் சோப்பும் தோற்றன. அழுகை முட்டியது. இவன் முன்னாலா? குத்தூசியை எடுத்தேன். வலை அடிப்பாகத்தோடு சேருகிற இடத்தில், தரையை ஒட்டி, சுற்றிலும் குத்தினேன்.

"பைத்தியமாம்மா? புது ஷூவுல ஓட்டையா?"

"ஓட்டதான்டி வேணும்."

அக்டோபர் 5

ஓடையைத் தாண்டியபின் ஒவ்வொரு அடிக்கும் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீச்சியது. பத்தடியில் கால் லேசாகிவிட்டது. குளிர்தான், பல் கிட்டியது. ஆனால் குதிகால் வழுக்கவில்லை. கிப் கரையேறின இடத்திலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்தான். ஆல்டரடியில் இன்னொரு தடவை கவிழ்த்தான். அவன் கெட்ட வார்த்தை எல்லாம் மேலே வரைக்கும் கேட்டது.

வெளிச்சம் வந்தபோது நான் கல்லில் இருந்தேன். இரண்டு பெண்மான்கள் போயின, கொம்புள்ளதைத்தான் சுடலாம். சுடவில்லை.

கர்டிஸ் பிறகு ஏறி வந்தான். என் காலைப் பார்த்தான். உட்கார்ந்து காலுறையைப் பிழிந்தான். அவன் காலும் பால் ரொட்டிதான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்டோபர் 12

கிளைக்கொம்பன் மான். கல்லிலிருந்து, ஒரே குண்டு. ஈரலை வெங்காயத்தோடு வறுத்தேன். கிப்புக்கு அதைப் பார்த்தாலே குமட்டுகிறதாம். எனக்கு அவனைப் பார்த்தால்.

அக்டோபர் 17

குத்தூசியைக் காணோம். டிராயரைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். நோலாவுக்குத் தெரியாதாம். கர்டிஸ் வேலைக்குப் போயிருந்தான்.

கடைசியில் பின்வாசலில், அவன் பூட்ஸுக்குள் கிடந்தது. பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துக்கு நான்கு ஓட்டை, கணுக்கால் உயரத்தில்! அங்கே போட்டால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்காதா? மடையன். நாற்றம் வேறு.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடியை ஒட்டிச் சுற்றிலும் ஒழுங்காகக் குத்தினேன். ஊசியை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டேன்.