குன்றின் பழைய புல்

மார்ச் 3

அன்புள்ள ரேஞ்சர் அய்யாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகு நாம் பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். ஆனாலும் இதை நீங்கள் அலுவலகத் தபாலில் படிக்கக் கூடாது.

குன்றின் மேலுள்ள குளத்தில் எடுத்த சேற்றை ஆராய்ந்து முடித்துவிட்டோம். பல ஆயிரம் வருடத்து மகரந்தம் அதில் படிந்திருக்கிறது. அடிவரைக்கும் புல்லின் மகரந்தம்தான். காடு அழிந்த இடம் என்று நம்பித்தானே, கல்யாணமான புதிதில் இருவருமாக அங்கே கன்று நட்டோம்? அங்கே காடே இருந்ததில்லை. கீழே ஓடை வற்றியதுகூட நம் மரங்கள் தண்ணீரைக் குடித்ததால்தான். வெட்டச் சொல்லி அறிக்கை எழுதியிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 15

சேற்றுக்காரிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ வீட்டை விட்டுப் போன அன்றுகூட நான் இப்படி இடிந்து உட்காரவில்லை. குன்றுக்குப் போய் வேலை பார்த்தேன். இனி எங்கே போவேன்? தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். நீயும்தான் சுமந்தாய்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அறிக்கையை அனுப்பாதே.

மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

அனுப்பிவிட்டேன்.

போன தடவை சேறு எடுக்க அங்கே வந்தபோது, கீழ்த்தெருவில் லாரித் தண்ணீருக்கு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "இவ்ளோ மரம் இருக்கே, தண்ணி மட்டும் எங்கம்மா போச்சு?" அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று பதில் தெரியும். தெரிந்த பிறகு எப்படி மூடிவைப்பேன்?

நாம் ஆசையாகத்தான் நட்டோம். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

உங்கள் மனைவி

நவம்பர் 9

சேற்றுக்காரிக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். வேறு சாக்கு இல்லை.

மரம் வெட்ட ஆள் வந்தபோது மேஸ்திரி சொன்னார்: "நீங்க வீட்டுக்குப் போயிடுங்க சார், பாத்தா தாங்காது." போகவில்லை. வெட்ட வேண்டியவற்றுக்கு நானே அடையாளம் போட்டேன். தரையில் இழுத்தால் மண் கிழியுமென்று சண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் தூக்கிப்போக வைத்தேன். ஓடையில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வெட்டவெளி கண்ணுக்குப் பழகவில்லை.

கிழக்குச் சரிவில் என் கன்று ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. வெட்கப்பட்டு அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போக மாட்டேன். அங்கே மட்டும் பழைய புல் மிச்சமிருக்கிறது. வெட்டிய இடத்தில் தூவ அதிலிருந்து விதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எது பழையது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே புல்லாகத்தான் தெரிகிறது.

உங்க வீட்டம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேக்கலாமே சார் என்றார் கிளார்க். படத்தில் சரியாகத் தெரியாது, நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.