தேடியது என் சொந்த விஷயம்

மகளே,

எனக்கு மறதி வந்துவிட்டது என்று உன் அண்ணன் உன்னிடமும் சொல்லியிருப்பான். அது உண்மையல்ல. ஒரு மாதமாக நான் டேப்லெட்டில் எதையுமே தேடவில்லை என்பதுதான் அவன் காட்டும் ஆதாரம். அந்த டேப்லெட் அவனுடைய கணக்கில் ஓடுகிறது. நான் தேடுவதையெல்லாம் அவன் சேலத்திலிருந்தே பார்த்திருக்கிறான்.

வீட்டு வேலைக்கு வரும் காவேரி சமையலறையில் டேப்லெட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்குவாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல யாருக்குங்க கேன்சரு? பாட்டுக்கு நடுவால ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா காட்டுதுங்க."

மிளகுக் கொடி நோய்க்கு மருந்து தேடியபோது தவறி வந்திருக்கும் என்றேன்.

"அப்ப கேன்சரு மொளகுக்குத்தானுங்களா?" என்று சிரித்தாள்.

அன்றே தேடுபொறியை மாற்றினேன். மூன்று தேடுபொறிகளின் விதிமுறைகளை முழுவதும் படித்தேன். இரண்டில் மழுப்பல், கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவளிடம் அது செல்லாது. தேடியதைச் சேமிப்பதில்லை என்று நேராக எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டேன். அவன் பார்ப்பதற்குள் பழைய தேடல்களை அழித்துவிட்டு, டேப்லெட்டும் எதையும் பதிந்து வைக்காதபடி செய்தேன். அதனால்தான் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரணத்தைச் சொன்னால் அவன் இந்த வீட்டைப் பூட்டி என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்விடுவான். நான் இங்கேதான் இருப்பேன்.

இடது மார்பில் இருக்கும் கட்டி காப்பிக் கொட்டை அளவுதான். வலி இல்லை. பரிசோதனைக்குத் துணையோடு வரச் சொல்கிறார்கள். நாம் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் உன்னைத்தான் கேட்கிறேன்.

போனில் பேச வேண்டாம். வருவாயா, மாட்டாயா என்று காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா