இரண்டாம் மாடி

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இருப்புதான் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஒயரிங் முடிக்க ஆறே வாரம். என்னிடம் ஐந்து பேர். வேலை தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஒரு சுவிட்ச் பெட்டியை எங்கே வைப்பது என்றால்கூட, "நீங்களே சொல்லிடுங்க சார்." யாரும் தன் வேலை என்று நினைப்பதில்லை. நேற்று ஒருவர் போட்டதை நானே பிரித்து மறுபடி போட்டேன்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்சில் உன்னைத் தவிர யாரும் கை வைக்க வேண்டாம். மகள் படிக்கிறாளா?

உன் மேஸ்திரி

மார்ச் 11

அன்புள்ள மேஸ்திரிக்கு,

செவ்வாய்க்கிழமை தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர். நம் மகள் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். "ஏண்டி, அணைக்க வேண்டியதுதானே?" என்றேன். "அப்பா தொடக் கூடாதுன்னாரே. கேட்டுட்டு அணைக்கலாம்னு..." என்கிறாள். பன்னிரண்டு வயசுப் பெண்! எனக்குக் கோபம் அவள்மேல் வரவில்லை.

நீங்கள் பிரித்துப் போட்டீர்களே, அந்த மனுஷர் அடுத்த பெட்டியை எந்த மனசோடு மாட்டுவார்? யாரிடமாவது ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டம், தெரியும்.

வாயாடி

மார்ச் 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். எங்கள் ஐவரில் ஒரு அம்மா இருக்கிறார், பேசவே மாட்டார். அவரிடம், "ரெண்டாம் மாடி உங்களுது. எங்க என்ன வரணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.

"தப்பாப் போச்சுன்னா சார்?"

"வாங்க, சேர்ந்து பார்ப்போம்."

நான்கு நாள் படி ஏறுவதும் பாதியில் இறங்குவதுமாக இருந்தேன். நேற்று அவரே வந்தார். "சார், மூணாவது ரூம்ல தப்புப் பண்ணிட்டேன். நானே பிரிச்சுட்டேன். இன்னும் ஒரு நாள் கூடுதலா ஆகும்." இந்த வேலைத்தளத்தில் தப்புக்கு முன்னால் 'நான்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டதே இல்லை. சந்தோஷமா பயமா, சொல்லத் தெரியவில்லை.

உன் மேஸ்திரி

ஏப்ரல் 5

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உங்கள் கடிதம் கொடுத்த தைரியத்தில் எழுதுகிறேன். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். சமையலறையில் நல்ல வெளிச்சம். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை குடிபோகிறோம். புது முகவரி பின்பக்கத்தில்.

உங்களைக் கேட்டிருந்தால் வருஷம் ஓடியிருக்கும். இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

வாயாடி

ஏப்ரல் 12

அன்புள்ள வாயாடிக்கு,

நாலு தாள் கிழித்தாயிற்று. முதல் தாளில் பதினேழு கேள்வி: எர்த் போட்டிருக்கிறார்களா, மீட்டர் எந்தப் பக்கம், பூட்டு எப்படி. கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் மாடி அம்மாதான், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்?" என்றார். "இல்லம்மா, வீடு மாறியிருக்கோம்" என்றேன். 'மாறியிருக்கோம்' என்று என் வாயிலேயே வந்துவிட்டது.

வேலை பதினைந்தாம் தேதி முடிகிறது. மறுநாள் புறப்படுகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீட்டுக்கு எப்படி வர வேண்டும்? கடிதம் அதற்குள் வந்து சேராது, போனிலேயே சொல். நீ சொல்கிற வழியிலேயே வருகிறேன்.

உன் மேஸ்திரி