நீ பேசியது கிச்சே

அன்புத் தோழி,

மகன் நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வரைபடம் கொண்டுவந்தான். இன்கா, மாயா, அஸ்டெக் மூன்றுக்கும் ஒரே நிறம். மேலே 'மறைந்துபோன மக்கள்' என்று தலைப்பு.

"ஆர் மறைஞ்சது?" என்று கேட்டேன்.

"தே ஆல் டைட், எல்லாரும் செத்திட்டினம் அம்மா" என்றான், தலை நிமிராமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன செய்வான், அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில் நம் ஆங்கில வகுப்பின் முதல் நாளிலும் இதே கதைதான். நீ குவாத்தமாலா மலைநாட்டிலிருந்து, நான் யாழ்ப்பாணத்திலிருந்து. இருவரும் உயிருக்குப் பயந்து ஊரை விட்டவர்கள். அடுத்தடுத்த கதிரைகளில் இருந்தோம். ஆசிரியை உன்னை ஸ்பானிஷ்காரி என்றாள். நீ எழுந்துபோய்ச் சுவரிலிருந்த உலகப் படத்தில் விரல் வைத்தாய்.

"அஸ்டெக் இங்கே, மெக்சிகோவில். இன்கா அதோ, தெற்கே அந்தீஸ் மலையில். மெல்பேர்ணிலிருந்து பேர்த் போவதைவிடத் தூரம். நடுவில் நாங்கள். நான் மாயா."

"அவர்கள் எப்போதோ அழிந்துவிட்டார்களே!" என்றாள் ஆசிரியை.

"நான் இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கினேன்" என்றாய். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

அது சிரிப்போடு போயிருக்கலாம். போகவில்லை. புற்றுநோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன்னிடம் ஆங்கிலம் போயிற்று. பிறகு ஸ்பானிஷும் போயிற்று. தாய்மொழி மட்டும் மிஞ்சியது. அவர்களோ திரும்பத் திரும்ப ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரையே அழைத்தார்கள்.

நான் பார்க்க வந்த அன்று, சென்னையிலிருந்து வந்த இளம் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அவங்க என்னமோ உளர்றாங்க. இன்டர்பிரட்டருக்கே புரியலையாம்."

"உளறேல்லப் பிள்ளை! அது கிச்சே, மாயா பாஷையில ஒண்டு, அவவின்ர சொந்த பாஷை. நீர் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க உமக்கு ஹிந்திக்காரரைக் கூட்டியந்து விட்டா எப்பிடியிருக்கும்?"

அவள் முகம் மாறியது. "சாரி ஆன்ட்டி, அப்படி ஒரு மொழி இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றாள். உடனே தொலைபேசியை எடுத்தாள். அங்கே கேட்டு இங்கே கேட்டு, மாலையில் எங்கோ அமெரிக்காவிலிருந்து ஒருவர் கிச்சேயில் பேசினார். முதல் சொல்லிலேயே உன் கண்கள் திறந்தன. நீ விடாமல் பேசினாய். அவர் கேட்டு முடித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: புது மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து நெஞ்சு எரிகிறது, நிறுத்துங்கள் என்று இத்தனை நாளும் நீ கெஞ்சிக்கொண்டிருந்தாயாம்.

மருந்தை மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில், எரிவில்லாமல் போய்ச் சேர்ந்தாய். ஆனால் அதற்கு முன்பு நீ துடித்த நாட்களுக்கு யார் பதில் சொல்வது? உன் மக்கள் மறையவில்லை. இருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அன்று தொலைபேசியை வைத்ததும் என் கையைப் பிடித்து "மல்தியோஷ்" என்றாய். நன்றி என்று அர்த்தமாம். உன் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். சரியாகத்தான் உச்சரிக்கிறேனா என்று கேட்க நீ இல்லை. நேற்று அதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தரம் பிழைவிட்டான். மூன்றாம் தரம், உன்னைப் போலவே சொன்னான்.