இருபத்தொன்றரை மணி நேரம் பெருக்காத வீடு

நைனா,

மத்தியானம் கதவைச் சாத்தப் போனேன். பின்னால் சாய்ந்திருந்த உன் துடைப்பம் காலில் விழுந்தது. துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து நீ சுற்றிய நீலக் கயிறு பிடியில் அப்படியே இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயண அசதி இன்னும் தீரவில்லை. கடலில் ஏதோ கப்பல் ஊதுகிறது. ராயபுரத்தில் இருக்கிறேனா, இன்னும் மேகத்துக்கு மேல் மிதக்கிறேனா என்று சட்டென்று பிடிபடவில்லை.

அம்மா போன பிறகு வீடு பெருக்குவது உன் வேலையாயிற்று. அம்மாவின் சட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாய். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. கிரேன் ஓட்டுகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிப்பேன். "சிரி, சிரி. தொடப்பத்த நான் தொட மாட்டேன்" என்பாய்.

முதன்முதலாக டொராண்டோ கிளம்பியபோது, "எம்மாந் தூரம் கண்ணு?" என்று கேட்டாய். போனில் பார்த்துச் சொன்னேன், பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். "கிலோமீட்டர வுடு. எத்தினி மணிக்கு ஏறுற, எத்தினி மணிக்கு எறங்குற, அத்தச் சொல்லு." விடிகாலை நாலுக்கு ஏறி, அன்றைக்கே சாயங்காலம் நாலுக்கு இறங்குவேன் என்றேன். பன்னிரண்டு மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டாய். அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

நாலு அடித்ததும் நிம்மதியாகப் பெருக்கி, குப்பையைத் தெருத் தொட்டியில் கொட்டினாயாம். போன் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறாய். "இன்னாண்ணா, அது அவங்க ஊரு நாலு மணி. பொண்ணு இன்னும் வானத்துல தான் கீது" என்றாளாம். ஓடிப்போய் அதே குப்பையை முறத்தில் அள்ளிவந்து, கூடத்தில் பழையபடி இறைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயாமே! அந்நேரம் நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலில் வெயில் நகராமல் நின்றது. இறங்கிப் போன் செய்தேன். "சேந்துட்டியா?" என்றாய். அடுத்துக் கேட்டது துடைப்பச் சத்தம்.

இந்த முறை நான் வந்தபோது ஐஸ் பெட்டியில் படுத்திருந்தாய். சுற்றிலும் தூசி. "நீ வந்து சேர்ற வரிக்கும் நான் பெருக்கல கண்ணு. அண்ணன் இருந்தா வுட்ருப்பாரா?" என்றாள் அக்கா. அதைக் கேட்டுத்தான் முதலில் அழுதேன்.

உன்னைக் கல்லறைக்கு எடுத்துப் போனதும் வீட்டைக் கழுவ வந்தாள். நான் விடவில்லை. இன்றும் கேட்டாள், "இன்னும் எத்தினி நாளிக்கி இப்டியே வெச்சிருப்ப?"

நாளை நான் கிளம்புகிறேன். இறங்கியதும் அக்காவுக்குப் போன் செய்வேன். நீ யாருக்குச் செய்வாய்?

நீ கிளம்பி நாலு நாளாகிறது. அங்கே இப்போது மணி என்ன என்று எனக்குத் தெரியாது. உன்னைப் போல் அவசரப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நைனா. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னாலேயே சாய்த்து வைத்துவிட்டேன்.